ஸ்பீக்கர் போடாத பெட்டி

1. பெட்டியின் வேலை

மலேசியாவின் லுக்குட்டில் என் கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் வருவதில்லை. "பெட்டி மணியம் கடை எங்க?" என்று கேட்டால்தான் பக்கத்து டயர் கடைக்காரருக்கே தெரியும். காடிக்கு, அதாவது காருக்கு, அடிச்சத்தம் கொடுக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி அளவெடுத்துச் செய்து கொடுப்பது என் தொழில். தோட்டத்தில் பிறந்து, சிரம்பானில் மேசை நாற்காலி செய்யும் ஒரு தளவாடப் பட்டறையில் மரவேலை பழகி, பிறகு இதற்குள் வந்து விழுந்தவன் நான். என் மனைவி செல்வி பெட்டிக்குக் கார்பெட் ஒட்டுவாள். நான் ஒட்டினால் சுருக்கம் விழும், அவளுக்கு விழாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஸ்பீக்கரைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை வாட், எந்த மாடல் என்று. பெட்டியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பெட்டி இல்லாமல் ஒரு சப்வூஃபரை மேசைமேல் வைத்துப் பாட விட்டுப் பாருங்கள். சளி பிடித்தவன் இருமுவதுபோல் கேட்கும். காரணம், ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் தள்ளுகிற காற்றும் ஒன்றையொன்று தின்றுவிடும். பின்பக்கக் காற்றைப் பிடித்து அடைத்து வைப்பதுதான் பெட்டியின் வேலை. முழுக்க அடைத்தால் அது சீல்டு பெட்டி, அடி சுருக்கென்று விழும். அளவு பார்த்து ஒரு வழி விட்டால் அது போர்ட்டட் பெட்டி, அடி ஆழமாக இழுத்துக்கொண்டு வரும். எத்தனை கன அடி, போர்ட் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் கணக்கு. கணக்கைப் படித்துக்கொள்ளலாம், அது கஷ்டமில்லை.

கஷ்டம் காற்றுக்கசிவு. ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பெட்டி விசிலடிக்கும். அதனால் ஒவ்வொரு மூட்டுக்கும் பசை, பசைக்கு மேலே ஸ்க்ரூ, அதற்கு மேலே உள்பக்கம் முழுக்க சிலிக்கான். இதை என் தலை படித்ததைவிட என் கை நன்றாகப் படித்திருக்கிறது. பேசிக்கொண்டே செய்வேன், செல்வியோடு சண்டை போட்டுக்கொண்டே செய்வேன், கை தன் பாட்டுக்கு நடக்கும். அந்தக் கை ஒருநாள் செய்த வேலையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

2. "எத்தன இன்ச்சு?"

அன்று அரசாங்க விடுமுறை. லுக்குட் கடைத்தெருவில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. ரஹாங்கிலிருந்து ஒருவர் காடி ஷோவுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டி கேட்டிருந்தார். உள்ளே ஸ்பீக்கரின் காந்தம் தெரியும்படி ஒரு பக்கம் பெர்ஸ்பெக்ஸ் வைத்த பெட்டி. கண்ணாடிபோல் இருக்கும் அந்தத் தகட்டை அறுப்பதற்காகத்தான் கடையைத் திறந்திருந்தேன்.

காலையில் ஓர் இளைஞன் மோட்டர் சைக்கிளில் வந்து இறங்கினான். இருபத்தைந்து வயதிருக்கும். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சுவரில் அடுக்கியிருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்கதான் பெட்டி செய்றவரா?"

"நான்தான் லா. உள்ள வா. காடி எங்க?"

"காடி இல்லண்ணே. மோட்டர்லதான் வந்தேன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வயதுப் பையன்கள் வந்தால் நாலு வார்த்தை கிண்டல் பண்ணாமல் என்னால் அளவு எடுக்க முடியாது.

"மோட்டருக்கா பெட்டி? பின்னாடி ஒக்கார்ற பொண்ணு பறந்து போயிடும்டா."

அவன் சிரிக்கவில்லை. புதுப் பழக்கம், கூச்சப்படுகிறான் என்று நினைத்தேன்.

"சரி, சொல்லு. எத்தன இன்ச்சு?"

கைகளை இடைவெளி விட்டுக் காட்டினான். "இருவத்தி ரெண்டு இருந்தா போதும்ணே."

பத்து இன்ச்சு, பன்னிரண்டு இன்ச்சு ஸ்பீக்கர்களுக்கு மத்தியில் புழங்குகிற ஆள் நான். சிரித்துவிட்டேன். கடைக்குப் பின்னால் கார்பெட் வெட்டிக்கொண்டிருந்த செல்விக்கும் கேட்டு, அவளும் சிரித்தாள்.

"இருவத்தி ரெண்டா! ஸ்பீக்கர காடிக்குள்ள வைப்பியா, காடிய ஸ்பீக்கருக்குள்ள வைப்பியா? சரி சரி, மூடின பெட்டியா, வழி விட்ட பெட்டியா?"

"மூடினதுதான்ணே."

"இப்ப சத்தம் எப்படி வருது?"

"சத்தமே வரலண்ணே."

"சத்தமே வரலன்னா பெட்டிய மாத்தி என்னடா பண்றது? அம்ப்பு செத்திருக்கும். கழட்டிக் கொண்டா, நான் பாக்குறேன்."

அவன் தரையைப் பார்த்தான்.

"பிள்ளண்ணே. பொம்பளப் பிள்ள. பொறந்தப்ப சத்தமே வரல."

பின்னால் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

அவன் பெயர் யோகன். பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். மனைவி துளசிக்கு முதல் பிரசவம். முந்தின நாள் அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள், பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போயிருந்தது. போர்ட்டிக்சனில் சவப்பெட்டிக் கடைக்குப் போய்க் கேட்டால், அவ்வளவு சின்ன அளவு கைவசம் இல்லை, வரவழைக்க மறுநாள் ஆகும் என்றார்களாம். பச்சைப் பிள்ளையை இன்னொரு ராத்திரி தங்க வைக்கக் கூடாது, இன்றைக்கே புதைத்தாக வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் நிற்கிறார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கூட்டாளி ஒருவனுக்குப் போன் செய்து, "ஒரு பெட்டி வேணும்டா, அவசரம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அதற்கு மேலே பேச வாய் வரவில்லை. அந்தக் கூட்டாளி என் வாடிக்கைக்காரன். யோகன் கடைசியில் காடி வாங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டு, "லுக்குட்டு மணியண்ணன்கிட்ட போ, அவர மாதிரி ஆளே கிடையாது" என்று அனுப்பியிருக்கிறான்.

"இங்க வந்து ஸ்பீக்கர பாத்ததுமே தெரிஞ்சிருச்சுண்ணே, எடம் தப்பா வந்துட்டேன்னு. ஆனா பலக இருக்கேன்னு நின்னுட்டேன்."

செல்விதான் வந்து என் தோளைத் தட்டினாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? பலகைய எடுங்க."

3. ஒன்பது மில்லி

சப்வூஃபர் பெட்டிக்கு நாங்கள் போடுவது பதினெட்டு மில்லி பலகை. அதிராமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கனம். இந்தப் பெட்டியை ஒரு தகப்பன் கையில் ஏந்திக்கொண்டு போக வேண்டும். அதனால் ஒன்பது மில்லி பிளைவுட் எடுத்தேன். ஒரு துண்டுதான் மீதி இருந்தது. அளந்து பார்த்தேன், சரியாகப் போதும்.

யோகனுக்குச் செல்வி மைலோ கலக்கிக் கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. நான் அறுத்தேன், அவன் பேசினான். யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்திருக்கும்.

"துளசி மயக்கத்துல இருந்தாண்ணே. நர்ஸ் மிஸ்ஸி வந்து, முழிச்சதும் அம்மாவுக்கு காட்டலாமான்னு கேட்டாங்க. என் மாமியார் கூடாதுன்னுட்டாங்க. மொத பிள்ள, மொகத்த பாத்துட்டா கடைசி வரைக்கும் மறக்க மாட்டா, அடுத்தது தங்காதுன்னு. அவங்க பெரியவங்க, நான் என்ன பேச முடியும்?"

"துளசி என்ன சொல்றா?"

"அவ அழவே இல்லண்ணே. என்னப் பாக்குறப்பல்லாம் ஒன்னே ஒன்னுதான் கேக்குறா. யாரு மாதிரி இருக்கான்னு. நான் பாத்தேன். ஆனா எனக்கு சொல்லத் தெரியல. வீட்டுக்குப் போனதும் சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எங்களுக்கும் மூன்று பிள்ளைகள். அவர்கள் பிறந்த அன்று யார் மாதிரி இருக்கிறார்கள் என்று செல்வியும் நானும் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டைக்குக்கூடக் கொடுப்பினை இல்லாமல் போய்விட்டதே இந்தப் பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொண்டே வேலை செய்தேன். அடிப்பலகை, பக்கப் பலகைகள், பசை, ஸ்க்ரூ, சிலிக்கான். மேல்மூடியை மேசைமேல் போட்டுக் கிளாம்ப் மாட்டி, பலகை குடையும் ரௌட்டரைப் போட்டேன். சத்தம் ஓய்ந்தபோது செல்வி அலறினாள்.

"ஐயோ, என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!"

குனிந்து பார்த்தேன். மூடியில் பத்து இன்ச்சு ஸ்பீக்கருக்கான வட்டம் அழகாக வெட்டப்பட்டிருந்தது. போர்ட்டுக்கு இடம் விட்டு, ஒரு பக்கமாகத் தள்ளி, வழக்கம்போல. வெட்டின வட்டப் பலகை தனியாகக் கிடந்தது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், என் கையும் அந்தச் சாதிதான். மனம் ஆஸ்பத்திரியில் இருந்தது, கை ஸ்பீக்கருக்கு வழி வெட்டிவிட்டது.

எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில் பென்சிலைத் தூக்கி எறிந்தேன். வேறு பலகை இல்லை. வாங்கலாம் என்றால் ஹார்டுவேர் கடை மூடிக்கிடக்கிறது. ஒரு சின்னப் பெட்டி கேட்டு வந்தவனுக்கு இப்படிச் செய்துவிட்டேனே என்று கண்ணில் தண்ணீர் வந்தது.

"தம்பி, மன்னிச்சுக்கப்பா. வட்டத்த திருப்பி வச்சு ஒட்டிடுறேன். மேல துணி போட்டா தெரியாது."

யோகன் எழுந்து வந்தான். மைலோவை மேசையில் வைத்துவிட்டு, அந்த வட்டத்தின் விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றினான்.

"இது தலப்பக்கம் வருமாண்ணே?"

"வச்சா வரும்."

"அப்ப ஒட்டாதீங்க. இருக்கட்டும். அவ பாக்கட்டும்."

ரஹாங்காரருக்கு அறுத்ததில் மிஞ்சிய பெர்ஸ்பெக்ஸை எடுத்தேன். வட்டத்துக்குக் கீழே உள்பக்கமாக வைத்து, சுற்றிலும் சிலிக்கான் போட்டு, ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். அதிலும் என் கைக்குக் காற்றுக்கசிவு நினைப்புதான். வெட்டின வட்டப் பலகைமேல் விளிம்பு தாண்டும்படி கார்பெட் ஒட்டி, ஒரு நாடா வைத்து, அதையே வட்டத்துக்கு மூடி ஆக்கினேன். வேண்டுமானால் தூக்கிப் பார்க்கலாம், வேண்டாமானால் மூடி வைக்கலாம். எதிரொலியை அடக்கப் பெட்டிக்குள் நாங்கள் வைக்கும் பஞ்சைப் பரப்பி, அதன்மேல் செல்வி தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து விரித்தாள். ஓரங்களை மடித்து மடித்து ஒட்டினாள். ஒரு சுருக்கம் விழவில்லை. ஒட்டி முடித்து அந்தத் துணியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றாள்.

4. வார்டுக்குப் பக்கத்து அறை

ஆஸ்பத்திரிக்கு என் வேனில்தான் போனோம். யோகன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ரேடியோவைக்கூடத் தொடவில்லை.

பிள்ளையைப் பெட்டிக்குள் வைத்தபோது நான் வெளியே நின்றுகொண்டேன். மூடியைத் திருகுவதற்கு மட்டும் உள்ளே போனேன், வட்டப் பக்கம் பார்க்காமலே திருகிவிட்டு வந்தேன். எனக்குத் தைரியம் இல்லை, அதைச் சொல்வதில் வெட்கமும் இல்லை. வார்டு மிஸ்ஸி ஒரு மலாய்க்காரப் பெண். யோகன் சொன்னதைக் கேட்டுவிட்டு, வார்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைத் திறந்துவிட்டு, துளசியைத் தள்ளுநாற்காலியில் வைத்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே துளசியின் அம்மா ஓடி வந்தார்.

"யோகா, உனக்கு புத்தி இருக்கா? காட்டக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? அவ ஒடம்பு என்னாகும்? கொண்டு போ அந்தப் பக்கம்!"

"அத்த, ஒரே ஒரு தடவ..."

"ஒரு தடவ பாத்தா போதாதா, காலம் பூரா சாகறதுக்கு?"

அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெற்ற மகளை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று துடித்தார், அவ்வளவுதான்.

துளசி யாரையும் பார்க்கவில்லை. பெட்டியை மட்டும் பார்த்தாள். "என் மடியில வைங்க" என்றாள். யோகன் வைத்தான். அறுவை செய்த வயிற்றில் படாமல் அவனே ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவள் நாடாவைப் பிடித்து வட்டப் பலகையைத் தூக்கினாள்.

குனிந்து, முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முடி எவ்வளோ இருக்கு" என்றாள். பிறகு, "நாடியும் தாடையும் உங்களுதுதான்" என்று யோகனிடம் சொன்னாள்.

அப்புறம் அவள் முகம் மாறியது.

"அம்மா. அம்மா, இங்க வாங்க. பிள்ள மூச்சு விடுறா."

அம்மா கிட்டே போகவில்லை.

"பாருங்கம்மா, கண்ணாடி பனி கட்டுது. உள்ள மூச்சு விடுறா!"

அவள் தன் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி குனிந்தாள். மறுபடி பனி படர்ந்தது. "பாருங்க, பாருங்க!" என்றாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். "இதுக்குத்தானே வேணாம்னேன், இதுக்குத்தானே வேணாம்னேன்" என்று அதையே சொன்னார்.

துளசி என்னைப் பார்த்தாள். அந்த அறையில் சொந்தமில்லாத ஆள் நான் ஒருவன்தான்.

"நீங்க பாருங்கண்ணே. பனி கட்டுதுதானே? நான் பொய் சொல்றனா?"

காற்று எங்கே போகும், எங்கே வரும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பனி கண்ணாடிக்கு வெளியே, அவள் பக்கத்தில் இருந்தது. உள்ளிருந்து ஓர் இழை காற்றுகூட வெளியே வராத மாதிரி அடைத்து வைத்தவனே நான். இருந்தும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தக் கண்ணாடி உள்பக்கமாகப் பனி கட்டியிருக்கக் கூடாதா என்று நானும் குனிந்து பார்த்தேன்.

"அது ஒன் மூச்சும்மா" என்றேன்.

"இல்ல."

"ஒன் மூச்சுதாம்மா. வெளிப்பக்கம்தான் பனி கட்டுது."

"அப்ப தொறங்க. நான் தொட்டுப் பாக்குறேன்."

திறக்க முடியாது. ஸ்க்ரூ போட்டு, சிலிக்கான் போட்டு, இந்த வட்டாரத்திலேயே யாரும் அடைக்காத அளவுக்கு நான்தான் அடைத்து வைத்திருந்தேன். வேனுக்கு ஓடினேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வந்து, மூடியைக் கழற்றி, திருப்பிப் போட்டுப் பெர்ஸ்பெக்ஸைப் பிரித்தேன். சிலிக்கான் இன்னும் காயவில்லை. விரலெல்லாம் ஒட்டியது. அவசரத்தில் ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது, மிஸ்ஸி குனிந்து எடுத்துக் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. திறந்த பெட்டிக்குள் பார்க்கத் தைரியம் இல்லாமல் உடனே மூடியைத் திரும்ப வைத்தேன். இப்போது வட்டம் வெறும் வட்டமாக இருந்தது.

துளசி கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று. உள்ளே அவள் விரல் எதைத் தொட்டது, கன்னத்தையா நெற்றியையா என்று நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் இருந்த அவசரம் மெல்ல மெல்ல அடங்கியது.

"அம்மா" என்றாள். "ஜில்லுன்னு இருக்காம்மா."

அதற்குப் பிறகுதான் அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அழாத அழுகை முழுவதும் அப்போது வந்தது. சுவரோரம் நின்ற அவள் அம்மா தள்ளாடி வந்து, தரையில் முட்டி போட்டு, மகளின் கையோடு தன் கையையும் அந்த வட்டத்துக்குள் விட்டார். "என் ராசாத்தி, என் ராசாத்தி" என்றார். அவரும் அதுவரை பேத்தியைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கண்ணாடியைத் திரும்பப் போட்டுவிடவா என்று யோகனிடம் கேட்டேன். துளசி தலையை ஆட்டினாள்.

"கண்ணாடி வேணாம்ணே. பலக மட்டும் போதும்."

எங்கள் வழக்கப்படி பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. துளசி அந்த அறையில்தான் பிள்ளையை வழியனுப்பினாள். வட்டப் பலகையை யாரிடமும் கொடுக்காமல் தானே எடுத்து மூடினாள். யோகன் பெட்டியை ஏந்திக்கொண்டு நடக்க, அவனுக்குப் பின்னால் நானும் இரண்டு மூன்று உறவுக்காரர்களும் நடந்தோம். மண் போட்டுத் திரும்பியபோது வெயில் இன்னும் இறங்கவில்லை.

5. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு

அதற்குப் பிறகு தோட்டங்களில் எப்படியோ பேச்சுப் பரவிவிட்டது. எப்போதாவது ஒருவர் வந்து வாசலில் தயங்கி நிற்பார். ரெம்பாவ் பக்கத்திலிருந்துகூட வந்திருக்கிறார்கள். அவர்கள் நிற்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். செல்வி கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுத் துணி எடுக்கப் போய்விடுவாள்.

சப்வூஃபர் பெட்டியைப் பற்றி மேலே நான் எழுதியதில் ஒரு வரிகூட மாற்ற மாட்டேன். பசை, ஸ்க்ரூ, சிலிக்கான், எல்லாம் அப்படியே. ஆனால் உங்களில் யாரிடமாவது இந்தச் சின்னப் பெட்டி கேட்டு ஒருவர் வந்தால், ஒன்பது மில்லி பலகையில் செய்து கொடுங்கள். தலைப்பக்கம் ஒரு வட்டம் வெட்டுங்கள், கண்ணாடி போடாதீர்கள். வட்டத்தின் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பெற்றவள் கையைச் சீக்கிரம் வெளியே எடுக்க மாட்டாள்.